குழந்தை கையில் போன்: பயமுறுத்தாமல் பாதுகாப்பது எப்படி?

ஒரு சின்ன வேலை செய்துவிட்டு இந்தக் கட்டுரையைப் படிக்கலாமா? உங்கள் போனில் யூடியூபைத் திறங்கள். அதில் ‘ஹிஸ்டரி’ என்ற பகுதிக்குப் போங்கள். நேற்று சாயங்காலம் நீங்கள் சமையலறையில் இருந்தபோதோ, வேலை முடிந்து வந்து கொஞ்சம் சாய்ந்திருந்தபோதோ, உங்கள் பிள்ளை என்னென்ன வீடியோ பார்த்திருக்கிறது என்று வரிசையாகத் தெரியும்.

முதல் வீடியோ பெரும்பாலும் நீங்கள் போட்டுக் கொடுத்ததாகவே இருக்கும். ஒரு பாட்டு, ஒரு கார்ட்டூன். பத்தாவது வீடியோ எது? இருபதாவது எது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

“போனே கொடுக்காதீங்க” என்று சொல்வது சுலபம். ஆனால் இன்றைக்கு அது நடக்கிற காரியமா? பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வருகிறது. வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு பேசுவது வீடியோ காலில்தான். அதனால், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் போனைத் தொடும்போது பெற்றோர் என்ன செய்ய வேண்டும், ஏதாவது நடந்துவிட்டால் எங்கே போக வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

உங்கள் போனுக்குப் பிள்ளையின் வயது தெரியாது

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொந்தமாகப் போன் கிடையாது. அம்மாவின் போன், அப்பாவின் போன், சில வீடுகளில் தாத்தாவின் போன். அந்தப் போனில் இருக்கும் யூடியூப், கூகுள், ப்ளே ஸ்டோர் எல்லாமே பெரியவர்களின் கணக்கில்தான் ஓடுகின்றன.

இதன் அர்த்தம் என்ன? உங்கள் ஏழு வயது மகள் வீடியோ பார்க்கும்போது, அந்த ஆப் அவளை முப்பத்தைந்து வயதுப் பெண் என்றுதான் நினைத்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்த க்ரைம் செய்தி, சீரியல் ப்ரோமோ, சினிமா காட்சி எல்லாவற்றையும் கணக்கில் வைத்து அடுத்த வீடியோவைத் தருகிறது. விளம்பரமும் பெரியவர்களுக்கானதே வரும்.

இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு டைப் அடிக்கத் தெரியாது, மைக்கை அழுத்திப் பேசித் தேடுகிறார்கள். “பேய் வீடியோ” என்று சும்மா சொன்னால் போதும், எது வேண்டுமானாலும் வரலாம். தேடவே வேண்டாம், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும். பிள்ளை தவறு எதுவும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறது. திரைதான் மாறிக்கொண்டே போகிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் போனுக்குக் கொஞ்சம் பாடம் எடுப்பது. பிள்ளைக்கான பாடம் அதற்கு அப்புறம்.

இன்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

கீழே சொல்லும் எதற்கும் காசு செலவில்லை. போன் கம்பெனிக்குக் கம்பெனி பெயர்கள் கொஞ்சம் மாறும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் மேலே உள்ள தேடும் பெட்டியில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

*யூடியூப் கிட்ஸ்:* சாதாரண யூடியூபுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு இந்த ஆப்பைக் கொடுங்கள். இதில் பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி பிரிவுகள் உள்ளன. 5 முதல் 8 வயதுக்கு ஒன்று, 9 முதல் 12 வயதுக்கு ஒன்று. தேடும் வசதியை மொத்தமாக நிறுத்தி வைக்கலாம். டைமரும் உண்டு, நேரம் முடிந்தால் ஆப் தானாகவே பூட்டிக்கொள்ளும். இன்னும் கவனம் வேண்டுமென்றால், ‘நான் அனுமதித்தவை மட்டும்’ என்ற வசதி இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும்தான் தெரியும். இந்த ஆப்பிலும் வடிகட்டுவது பெரும்பாலும் கணினிதான். எப்போதாவது ஒன்று தப்பி வரலாம், அதனால் அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

*ஆப் பின்னிங்:* பலருக்கும் தெரியாத, ஆனால் ரொம்பவும் உபயோகமான வசதி இது. ஒரே ஒரு ஆப்பை மட்டும் திரையில் ‘பின்’ செய்துவிடலாம். பிள்ளையால் அதை விட்டு வாட்ஸ்அப்புக்கோ, போட்டோ கேலரிக்கோ, ஜிபேக்கோ எளிதில் போக முடியாது. வெளியே வர உங்கள் பின் நம்பரைக் கேட்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் இதே வசதிக்கு ‘கைடட் ஆக்சஸ்’ என்று பெயர்.

*ப்ளே ஸ்டோர் கட்டுப்பாடு:* ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’, பிறகு ‘ஃபேமிலி’, அதில் ‘பேரன்டல் கன்ட்ரோல்ஸ்’ என்று போங்கள். ஒரு பின் நம்பர் போட்டு, எந்த வயதுக்கான ஆப்கள் வரலாம் என்று தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே போனில் இருக்கும் ஆப்களை இது நீக்காது. அவற்றை நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

*வாட்ஸ்அப்பில் மூன்று மாற்றங்கள்:* முதலாவது, குழுக்களில் வரும் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். ‘மீடியா விசிபிலிட்டி’யையும் அணைத்துவிட்டால் அவை கேலரியில் வராது. பிள்ளைகள் பல நேரம் பார்க்கக்கூடாததைப் பார்ப்பது இன்டர்நெட்டில் தேடி அல்ல, நம்முடைய கேலரியைத் திறந்துதான். இரண்டாவது, ‘பிரைவசி’ பகுதியில் உங்கள் தொடர்பில் இருப்பவர்கள் மட்டுமே உங்களைக் குழுவில் சேர்க்க முடியும் என்று மாற்றுங்கள். மூன்றாவது, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு மணி அடிக்காதபடி ‘சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். பிள்ளை கையில் போன் இருக்கும்போது யாரோ ஒருவரின் வீடியோ கால் வந்து, அது எடுத்துவிடும் ஆபத்து இதனால் குறையும்.

*ஃபேமிலி லிங்க்:* பழைய போனையோ டேப்லெட்டையோ பிள்ளைக்கென்றே ஒதுக்கியிருந்தால், கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ மூலம் பிள்ளை வயதிலேயே ஒரு கணக்கு தொடங்குங்கள். எந்த ஆப், எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். உங்கள் லாக் பேட்டர்ன் பிள்ளைக்குத் தெரியும்! நீங்கள் நினைப்பதை விடச் சீக்கிரமாகவே அது மனப்பாடம் செய்திருக்கும். மேலே சொன்ன பூட்டுகளுக்கு வேறு பின் நம்பர் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாமே.

பணம் போவது எப்படி?

விளையாட்டு ஆப்கள் இலவசம்தான். ஆனால் உள்ளே போனால் காயின், டைமண்ட், புது டிரெஸ், புது வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் விலை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பச்சை பட்டனும் விளையாட்டின் ஒரு பகுதிதான். அதை அழுத்தினால் அப்பாவின் வங்கிக் கணக்கில் பணம் குறையும் என்பது அதற்குப் புரியாது.

ப்ளே ஸ்டோர் ‘செட்டிங்ஸ்’ பகுதியில், எது வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி மாற்றுங்கள். பிள்ளை விளையாடும் போனில் கார்டு விவரங்களைச் சேமித்து வைக்காதீர்கள். யுபிஐ லைட் வசதியில் சிறு தொகைகளுக்குப் பின் நம்பர் கேட்காது. போன் அடிக்கடி பிள்ளை கைக்குப் போகிறது என்றால், அந்த வசதி அந்தப் போனில் தேவையா என்று யோசியுங்கள். பணப் பரிவர்த்தனை ஆப்களுக்குத் தனிப் பூட்டு போடுவதும் நல்லது.

இன்னொரு வழியும் இருக்கிறது. “இந்த லிங்க்கை அழுத்தினால் ஆயிரம் டைமண்ட் இலவசம்”, “உங்க அப்பா போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னா ஸ்கின் தர்றேன்” என்று விளையாட்டின் சாட்டிலேயே கேட்பார்கள். அந்த ‘நம்பர்’தான் ஓடிபி. பிள்ளைக்கு ஓடிபி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. “போன்ல வர்ற எந்த நம்பரையும் யாருக்கும் படிச்சுக் காட்டக்கூடாது. அது நம்ம வீட்டுச் சாவி மாதிரி” என்று சொன்னால் போதும். சாவி என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

முகம் தெரியாத ‘ஃப்ரெண்டு’

இது கொஞ்சம் கனமான விஷயம். ஆனால் தவிர்க்க முடியாது.

விளையாட்டு ஆப்களில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடலாம், எழுதிப் பேசலாம், சிலவற்றில் குரலிலும் பேசலாம். எதிரில் ஆடுபவர் “நானும் நாலாவதுதான் படிக்கிறேன்” என்று சொன்னால் பிள்ளை நம்பிவிடும். அவர் நாற்பது வயது ஆளாக இருக்கலாம்.

இப்படிப்பட்டவர்கள் எடுத்த எடுப்பில் மிரட்டுவதில்லை. ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாராட்டு: “நீ சூப்பரா ஆடுறே.” அடுத்து பரிசு: விளையாட்டில் காயின் தருவார்கள். மூன்றாவது ரகசியம்: “நாம பேசுறதை அம்மாகிட்ட சொல்லாதே, அப்புறம் விளையாட விட மாட்டாங்க.” நான்காவது படம்: முதலில் சாதாரண போட்டோ, பிறகு வேறு மாதிரி. கடைசியில் மிரட்டல்: “நான் சொல்றதைச் செய்யலைன்னா இந்தப் போட்டோவை உங்க ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன்.”

இதில் மூன்றாவது படிதான் முக்கியம். பாராட்டு நல்லவர்களும் செய்வார்கள், பரிசு மாமாவும் சித்தியும் தருவார்கள். ஆனால் “அம்மாகிட்ட சொல்லாதே” என்று யார் சொன்னாலும், அது போனில் வந்த ஆளாக இருந்தாலும், தெரிந்த அண்ணனாக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், உடனே வந்து சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியைப் பிள்ளை மனதில் பதியவைத்துவிட்டால் பாதிப் பாதுகாப்பு வந்துவிடும்.

“அப்போ அப்பா பிறந்தநாளுக்குக் கேக் வாங்குறதைச் சொல்லக்கூடாதுன்னு நீங்களே சொன்னீங்களே?” என்று பிள்ளை கேட்கலாம். நல்ல கேள்வி. “அது ரகசியம் இல்லை, சர்ப்ரைஸ். சர்ப்ரைஸ் ஒரு நாள் எல்லாருக்கும் தெரிஞ்சிடும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. எப்பவுமே யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஒருத்தர் சொன்னா, அதுதான் கெட்ட ரகசியம்” என்று பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை. ஆண் பிள்ளைகளும் இதில் சிக்குகிறார்கள். வெட்கத்தாலும், “ஆம்பளைப் பையன் அழலாமா” என்று கேட்டு வளர்ந்ததாலும், வெளியே சொல்வதற்கு அவர்கள் இன்னும் தயங்கலாம்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை?

எத்தனை பூட்டுப் போட்டாலும், ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்று உள்ளே வரத்தான் செய்யும். பக்கத்து வீட்டுப் போனிலோ, டியூஷனில் ஒரு அண்ணனின் போனிலோ பார்க்க நேரலாம். அன்றைக்குப் பிள்ளையைக் காப்பாற்றப் போவது ஆப் அல்ல. ஓடி வந்து சொல்ல அதற்கு ஒரு ஆள் இருப்பதுதான்.

பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று, ‘நான்தான் தப்புப் பண்ணிட்டேன்’ என்ற எண்ணம். இரண்டு, ‘சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க, அடிப்பாங்க’ என்ற பயம். மிரட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டும் நன்றாகத் தெரியும். அவர்களுடைய பலமே நம் வீட்டில் பிள்ளை வாங்கும் திட்டுதான்.

அதனால் இன்றைக்கே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் பேச்சு வழக்கிலேயே இப்படிச் சொல்லுங்கள்: “போன்ல நீ எதைப் பார்த்தாலும், தெரியாம எதை அழுத்தினாலும், யாரு என்ன கேட்டாலும், என்கிட்ட வந்து சொல்லு கண்ணு. சொன்னா நான் திட்ட மாட்டேன். போனையும் பிடுங்க மாட்டேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து சரிபண்ணலாம்.”

சொல்வது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஏனென்றால் பிள்ளை முதலில் கொண்டு வருவது பெரிய விஷயமாக இருக்காது. ஒரு பேய் வீடியோ பார்த்துத் தூக்கம் வரவில்லை என்று வரும். ஏதோ அழுத்தி நாற்பது ரூபாய் போய்விட்டது என்று வரும். அதுதான் பரீட்சை. பரீட்சை எழுதுவது பிள்ளை இல்லை, நாம். அன்று முதுகில் ஒன்று வைத்தால், பிறகு நானூறு மடங்கு பெரிய விஷயம் வரும்போது பிள்ளை நம்மிடம் வராது.

அப்படியென்றால் கண்டிக்கவே கூடாதா? கண்டிக்கலாம். சொன்ன நேரத்தைத் தாண்டிப் பார்த்தால், நாளைக்கு நேரத்தைக் குறைக்கலாம். ஆனால், தானாக வந்து உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கொடுக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைக்குத் தெளிவாகக் காட்டுங்கள்.

நேரடியாக “யார்கூடப் பேசினே?” என்று விசாரித்தால் பதில் வராது. கூட உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். “இது யாருடா உன் டீம்ல?” என்று விளையாட்டோடு விளையாட்டாகக் கேட்டால், தானாகவே கதை கதையாகச் சொல்லும்.

சில மாற்றங்களையும் கவனியுங்கள். நீங்கள் பக்கத்தில் போனதும் திரையை மறைப்பது, போன் ஒலித்தாலே பதறுவது, திடீரென்று பள்ளிக்குப் போக மறுப்பது, ராத்திரியில் படுக்கையை நனைப்பது, யார் கொடுத்தது என்று தெரியாத பொருளோ விளையாட்டுப் பரிசோ வைத்திருப்பது. இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் மெதுவாகக் கேட்டுப் பார்க்க இது போதுமான காரணம்.

பாட்டி வீட்டில் இருந்தால்

அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் தாத்தா பாட்டியோடுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் இத்தனை செட்டிங்ஸும் சொல்லிப் புரியவைக்க முடியாது, தேவையும் இல்லை. மூன்று விஷயம் போதும். போனை எல்லோரும் இருக்கும் கூடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கக்கூடாது. இயர்போன் வேண்டாம், சத்தம் வெளியே கேட்கட்டும். பிள்ளை பயந்தோ அழுதோ வந்தால் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களுக்கு போன் பண்ணுங்கள். கண் சரியாகத் தெரியாத பாட்டிக்கும் காது கேட்குமே!

நாமே போடும் படங்கள்

ஆபத்து எல்லாம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. யூனிஃபார்ம், அடையாள அட்டையோடு பிள்ளை நிற்கும் படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறோம். அதிலேயே பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், வகுப்பு எல்லாம் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தில் தேதியும் சேர்ந்துவிடுகிறது. ‘தினமும் நாலு மணிக்கு இந்த இடத்தில் டான்ஸ் கிளாஸ்’ என்று இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுகிறோம். இதைப் பார்க்கும் முந்நூறு பேரில் எத்தனை பேரை நமக்கு உண்மையில் தெரியும்?

படமே போட வேண்டாம் என்பதில்லை. பெயர், பள்ளி, இடம் தெரியாதபடி போடுங்கள். குளிக்கும்போதும், உடை சரியாக இல்லாதபோதும் எடுத்த படங்களை ‘சின்னக் குழந்தைதானே’ என்று குடும்பக் குழுவில்கூடப் போடாதீர்கள். ஒருமுறை போய்விட்டால் அது எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரணப் படத்தை எடுத்து ஏஐ மூலம் ஆபாசமாக மாற்றும் கொடுமையும் இப்போது நடக்கிறது.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது?

1. முதலில் பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். “நீ சொன்னது ரொம்ப நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்லை” என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள்.

2. கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். சாட், எதிராளியின் பெயர், எண், லிங்க், தேதி, நேரம் எல்லாம் ஆதாரம். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் குழந்தையின் ஆபாசப் படம் அதில் இருந்தால், அதைப் பிரதி எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள்.

3. மிரட்டுபவரோடு பேரம் பேசாதீர்கள், பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். ஆதாரத்தைப் பத்திரப்படுத்திய பிறகு பிளாக் செய்யுங்கள்.

4. புகார் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் அழைக்கலாம். அவசரம் என்றால் 112. தேசிய சைபர் குற்றப் புகார் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் வழியாகவும் புகார் தரலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அதில் தனிப் பகுதி உண்டு. குழந்தைகளின் ஆபாசப் பதிவுகளைப் பற்றிப் பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். பக்கத்தில் உள்ள காவல் நிலையத்துக்கு நேரில் போவதும் சரியே.

5. படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தால், ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகும், அதை மட்டும் வைத்து இத்திட்டத்தில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

6. பிள்ளை மனதளவில் உடைந்திருந்தால் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சட்டம் பிள்ளையின் பக்கம்

“போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிள்ளையை அழைச்சுட்டுப் போகணுமே, நாலு பேருக்குத் தெரிஞ்சிடுமே” என்ற தயக்கம் பல பெற்றோருக்கு இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இந்தத் தயக்கத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி அதைச் செய்ய வேண்டும். அவர் சீருடையில் வரக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது. ஆண், பெண் குழந்தைகள் இருவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் அதே சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ‘குடும்ப மானம்’ என்று பேசி முடித்துவிடுவது, பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

குழந்தைகளின் ஆபாசப் பதிவை வெளியிடுவதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இப்படிப்பட்ட பதிவுகளை நீக்காமல், புகாரும் செய்யாமல் பகிரும் நோக்கத்தோடு வைத்திருந்தாலே போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதனால் “இவனைப் பிடிக்கிற வரைக்கும் ஷேர் பண்ணுங்க” என்று குழுவில் வரும் வீடியோவை நல்ல எண்ணத்தில்கூட அனுப்பாதீர்கள். அதில் இருப்பதும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைதான்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கலாம்?*
இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிடும்போதும், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் போன் வேண்டாம். இந்த விதி வீட்டில் பெரியவர்களுக்கும் பொருந்தினால்தான் பிள்ளை கேட்கும்.

*ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இன்ஸ்டாகிராம் கேட்கிறது. தொடங்கித் தரலாமா?*
இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டுக்கும் அந்த நிறுவனங்களே வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் தொடங்கினால், சிறுவர்களுக்கான பாதுகாப்பு அமைப்புகள் அந்தக் கணக்குக்குக் கிடைக்காது. ‘பொய் சொல்லலாம்’ என்று நாமே கற்றுக்கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

*பிள்ளைக்குத் தெரியாமல் போனைக் கண்காணிக்கலாமா?*
இந்த வயதில் கண்காணிப்பு அவசியம்தான், ஆனால் ஒளிவுமறைவு வேண்டாம். “நீ என்ன பார்க்கிறேன்னு நான் அப்பப்போ பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டே பாருங்கள்.

*பள்ளியில் என்ன செய்யலாம்?*
பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகக் கேளுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைக்கலாம். பிள்ளைகளின் படங்களைப் போடும் முன் பெற்றோரிடம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். வீட்டில் சொல்ல முடியாததை ஆசிரியரிடம் சொல்லலாம் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

போனில் சேமித்து வையுங்கள்

குழந்தைகள் உதவி எண்: 1098
அவசர உதவி: 112
சைபர் பண மோசடி: 1930
பள்ளிக் கல்வி உதவி எண்: 14417
மனநல ஆலோசனை: 14416

இவற்றில் 1098-ஐ மட்டும் உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசையில் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அது மறக்கவே மறக்காது.